பாலூட்டும் தாய்மாரும் மலமிளக்கி மருந்துகளும்: எச்சரிக்கை வாசகம் உணர்த்துவது என்ன?

ஜெர்மனியின் மியூனிக் நகர மருந்தகம் ஒன்றில் மலச்சிக்கலுக்காகச் சென்னா இலைத் தேநீர் வாங்கும் தமிழ்த் தாய்க்கு அந்த மூலிகை புதியதல்ல. சித்த மருத்துவம் நிலவாகை என்று அழைப்பதும் அதனைத்தான். ஐரோப்பிய மருந்து நூல்களில் அதன் ஒரு வகை இன்றும் திருநெல்வேலியின் பெயராலேயே குறிக்கப்படுகிறது.

ஆனால் பொட்டலத்தினுள் இருக்கும் ஜெர்மன் மொழி விளக்கத் தாள், பாலூட்டும் காலத்தில் இதனைப் பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படவில்லை என்கிறது. இதனைப் படிக்கும் தாய் ஒன்று வலியைப் பொறுத்துக்கொள்கிறார். அல்லது பாலூட்டுவதை நிறுத்திவிடுகிறார். இரண்டுமே பெரும்பாலும் தேவையற்றவை.

தாளில் உள்ள எச்சரிக்கை, தீங்கு நிரூபிக்கப்பட்டதன் விளைவு அல்ல. போதிய தரவுகள் இல்லை என்பதன் விளைவு. சென்னாவின் கூறுகள் சிறிதளவு தாய்ப்பாலில் கலக்கின்றன என்றாலும், அதனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதாகத் தகவல் இல்லை என்பதை ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழுவே பதிவு செய்துள்ளது.

குடலோடு நிற்கும் மருந்துகள்

தாய் உண்ணும் மருந்து பாலைச் சென்றடைய வேண்டுமானால், முதலில் அது குடலிலிருந்து இரத்தத்தில் கலக்க வேண்டும். இசப்கோல், லாக்டுலோஸ், மேக்ரோகோல் ஆகியவை ஏறக்குறைய முழுவதும் குடலிலேயே தங்கிவிடுகின்றன. எனவே இவையே முதல் தெரிவுகள். பிசகோடில் மருந்தின் செயற்கூறு தாய்ப்பாலில் கண்டறியப்படவில்லை.

நெஞ்செரிச்சலுக்கான அல்ஜினேட், கால்சியம், மக்னீசியம் கலந்த அமில முறிப்பான்களும் வழக்கமான அளவில் பாதுகாப்பானவையாகவே கருதப்படுகின்றன. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் ஆகியன பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. ரானிடிடின் மாத்திரைகள் வீட்டில் மிஞ்சியிருந்தால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மாசு கண்டறியப்பட்டதை அடுத்து 2020ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனையை இடைநிறுத்தியது. சாலிசிலேட் கலந்த வயிற்று மருந்துகளும் ஆமணக்கெண்ணெயும் உகந்தவை அல்ல.

பவேரியாவின் பழைய பாடம்

பாலூட்டலை நிறுத்துவதன் விலையை மியூனிக் தலைநகராக உள்ள பவேரியா நன்கறியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓராண்டு நிறைவதற்குள் மாண்டது. தாய்ப்பாலுக்குப் பதிலாக மாவுக்கூழ் புகட்டும் வழக்கம் அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. சுத்தமான நீரும் புட்டிப்பாலும் கிடைக்கும் இன்றைய நிலை வேறு. ஆயினும் ஒரு மாத்திரைக்கு அஞ்சித் தாய்ப்பாலைக் கைவிடுவது இழப்பே.

யாரிடம் கேட்பது?

பெர்லின் ஷரிட்டே மருத்துவமனையின் எம்பிரியோடாக்ஸ் மையம், கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மருந்துகளின் பாதுகாப்பு குறித்த தகவல்களை இலவசமாக வழங்குகிறது. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் உள்ள தாய், பிரசவத்துக்குப் பின் 12 வாரங்கள் வரை மருத்துவத் தாதியின் உதவியைப் பெறலாம். பாலூட்டல் சிக்கல்களுக்கு அதன் பின்னரும் பெறலாம்.

குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டுவோரும் சிறுநீரகக் கோளாறு உள்ள தாய்மாரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இம்மருந்துகளை உட்கொள்ள வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, குழந்தைக்குத் தொடர் வயிற்றுப்போக்கு ஆகியவை தென்பட்டால் தாமதிக்கலாகாது. மற்றவர்கள் நீரும் நார்ச்சத்தும் மிகுந்த உணவில் தொடங்கி, அது போதாதபோது தகுந்த மருந்தை அளவோடு எடுத்துக்கொண்டு, பாலூட்டலைத் தொடரலாம்.