எப்ப வந்தே, எப்ப போறே?

விடுப்பில் ஊருக்கு வரும் ராணுவ வீரரை நம் ஊர்களில் முதலில் கேட்பது "எப்ப வந்தே?" அடுத்த கேள்வி "எப்ப போறே?" கொஞ்சம் உரிமை உள்ளவர்கள் நடுவில் "கேன்டீன்ல சரக்கு கிடைக்குமா?" என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். பட்டாளத்துக்காரருக்கு நாம் அன்றாடம் காட்டும் நன்றி பெரும்பாலும் இவ்வளவுதான்.

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் மக்களுக்குச் சீருடை புதிதல்ல. கிழக்கே ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினருக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இருக்கின்றன. மேற்கே அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ராஜாளி விமானதளம் இயங்குகிறது. ஆனாலும் ஆகஸ்ட் 15 அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சல்யூட் வைக்கிற நாம், பக்கத்துத் தெருவில் இருக்கும் வீரரின் வீட்டுக்கு என்ன தேவை என்று விசாரிப்பதில்லை.

பல வீடுகளில் முதல் தலைவலி நிலம். சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள். தற்செயல் விடுப்பு தனி. மீதி நாட்களில் வரப்பு நகர்ந்தாலும், பட்டா மாறுதல் இழுத்தடித்தாலும், தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது மனைவியோ வயதான அப்பாவோதான். வழக்கு என்று வந்துவிட்டால் கைகொடுக்க ஒரு பழைய சட்டம் இருக்கிறது: 1925ஆம் ஆண்டின் இந்திய ராணுவ வீரர்கள் வழக்குச் சட்டம். போர்ச் சூழல் போன்ற சிறப்பு நிலைமைகளில் பணியாற்றும் வீரரால் நேரில் வர முடியாது, அவருக்காக வாதாட ஆளும் இல்லை என்று மாவட்ட ஆட்சியர் சான்றளித்தால், நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். அவர் இல்லாதபோது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கவும் வழி உண்டு. நூறு வயதான இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர்களே ஊரில் குறைவு. விவரம் தெரிந்த ஒருவர் மனு எழுதிக் கொடுத்து ஆட்சியர் அலுவலகம் வரை கூடப் போய்வந்தால், அது ஆயிரம் சல்யூட்டுக்குச் சமம்.

அடுத்தது கொடிநாள். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று அனுசரிக்கப்படுகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளையும் குறிக்கும் சின்னக் காகிதக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள். போரில் ஊனமுற்றவர்களின் மறுவாழ்வு, உயிரிழந்தோரின் குடும்பங்கள், ஓய்வுபெற்றவர்களின் நலன் ஆகியவற்றுக்கு இந்த நிதி போகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் வசூல் இலக்கு வைப்பதால், ஏதோ ஒரு சான்றிதழுக்காக அலுவலகம் போனவர் கையில் கொடியைத் திணிக்கிற வழக்கமும் இருக்கத்தான் செய்கிறது. அப்படிக் கொடுக்கும் பத்து ரூபாயில் நன்றியைவிட எரிச்சல்தான் அதிகம். விரும்பிக் கொடுப்பவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கலாம். தொழிற்சாலைகள் உண்டியலுக்குக் காத்திருக்காமல் இப்படியே செலுத்தலாம்.

தொழிற்சாலை என்றதும் இன்னொன்று. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வுபெற்றுவிடுகிறார்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு நான்கே ஆண்டுதான் பணி. டாங்கி என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர், வயர்லெஸ் கருவியை இயக்கியவர், நூறு பேருக்கான சமையல் சாமான்களைக் கணக்கு பிசகாமல் வைத்திருந்தவர் என்று பலவகைத் தொழில் தெரிந்தவர்கள் இவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை கேட்டுப் போனால், "எக்ஸ் சர்வீஸ்மேனா? செக்யூரிட்டி வேலை இருக்கு" என்று கேட்டிலேயே நிறுத்திவிடுகிற மனப்பான்மை மாறவில்லை. செக்யூரிட்டி வேலை குறைந்ததல்ல. ஆனால் அவருக்கு வேறெதுவும் தெரியாது என்று முடிவுகட்டுவது மரியாதை ஆகாது. சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்காக, 2024 சுதந்திர தின உரையில் முதல்வர் ஸ்டாலின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தார். ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம். கடன் வாங்கி லேத் பட்டறை போடுகிறவருக்கு அதன்பின் தேவைப்படுவது ஆர்டர். அதைக் கொடுக்க வேண்டியது சிப்காட்டில் இருக்கும் கம்பெனிகள்தான்.