வெள்ளத்தில் நிற்கும் காரும் மீட்க விரையும் உறவும்

2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதன்பின்னும் பல மணி நேரம் ஏறத்தாழ அதே இடத்தில் நிலைகொண்டதால், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தாழ்வான தெருக்கள் நீரில் மூழ்கின. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூரில் மலட்டாற்று வெள்ளம் ஏறியதால் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து தடைபட்டது.

இத்தகைய வேளையில் கார் நீரில் நின்றுவிட்டால், அரசின் மீட்புப் படை மனித உயிர்களைக் காப்பதில் முனைந்திருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் இழுவை வண்டி வந்துசேரச் சாலையே இராது. ஆகவே மைத்துனர், சித்தப்பா, பெரியப்பா மகன் என, கயிறும் டிராக்டரும் கைவசமுள்ள உறவினருக்கே முதல் அழைப்பு செல்கிறது. கூலியோ இரசீதோ இல்லாமல் இயங்கும் இந்த உறவுக் கடமை மதிக்கத்தக்கது. எனினும் அதன் வேகமே வருபவரின் உயிருக்கும் வண்டிக்கும் கேடாக முடியலாம் என்பதால், பாசத்தோடு நீரின் இயல்பையும் எஞ்சினின் இயல்பையும் பற்றிய தெளிவு சேர வேண்டியது இன்றியமையாதது.

முதலில் அறிய வேண்டியது நீரின் வரத்து. விழுப்புரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்த நிலம். ஓர் ஏரி நிரம்பியதும், உபரிநீரை வெளியேற்றக் கட்டப்பட்ட கலிங்கு வழியாக அது வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். இடையில் தாழ்ந்த சாலை குறுக்கிட்டால், மழை ஓய்ந்த பிறகே அங்கு நீர் உயரத் தொடங்குவதும் உண்டு. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியது இதே உண்மையின் பெருவடிவம். எனவே, மழை விட்டுவிட்டது என்று எண்ணி உறவினர் நீரில் இறங்கும் நேரமே பேராபத்தான நேரமாக அமையக்கூடும்.

அடுத்தது மிதப்பு விசை, அதாவது மூழ்கும் பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. ஏறத்தாழ அதே எடையுள்ள சிறிய காரின் அடிப்பரப்பு 6 சதுர மீட்டருக்குச் சற்று மேல் என்று கொண்டால், அடித்தட்டுக்கு மேல் ஏறத்தாழ 16 செ.மீ. நீர் ஏறியதுமே, உள்ளே நீர் புகாத நிலையில், அது மிதக்கத் தொடங்கும். அடித்தட்டின் உயரத்தையும் சேர்த்தால் இது ஓரடியைச் சற்றே தாண்டும் ஆழம்தான். அதே டிசம்பர் 2 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களையும் கார்களையும் ஏரி உபரிநீர் அடித்துச் சென்றதை நாடே பார்த்தது. ஓடும் நீரில் நிற்கும் காரை நீர் வடியும்வரை விட்டுவைப்பதே முறை.

மூன்றாவது எஞ்சின். சைலன்சரில் நீர் ஏறுவதே பெருங்கேடு என்று பலரும் கருதுகின்றனர்; ஆனால் அதனினும் பெரிய கேடு, ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் உறிஞ்சப்படுவது. காற்றைப்போல் நீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. ஆதலால் மேலேறும் பிஸ்டன் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைகிறது. நின்ற வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று சாவியைத் திருகும் அந்த ஒரு நொடியே, பழுதுபார்க்கக்கூடிய காரைப் பெருஞ்செலவுக்கு ஆளாக்கிவிடுகிறது.

ஆகவே, நீர் வடிந்தபின் வரும் உறவினர் சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். அதில் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட காரைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பெட்டி கெடக்கூடும். சக்கரங்கள் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் வண்டியே அதற்கு ஏற்றது.

காப்பீட்டிலும் இந்தச் சாவிக்குப் பங்குண்டு. மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு ஈடு தராது. முழுமைக் காப்பீடு தரும். ஆயினும், நீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சினுக்கு நேர்ந்த சேதத்தைப் பின்விளைவு இழப்பு என்று நிறுவனங்கள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் இணைப்பு எடுத்திருந்தால்தான் அதற்குப் பெரும்பாலும் ஈடு கிட்டும். காரை நகர்த்துமுன் நீர் நின்ற உயரம் தெரியப் படமெடுத்து நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, இழுத்து வருவதற்கு நிகரான உதவி.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது; உறவினரை அழைக்கும் வழக்கமும் தொடரவே செய்யும், தொடரவும் வேண்டும். அழைப்பு வந்ததும் டிராக்டரை எடுக்குமுன், “சாவியைத் திருகாதே, இறங்கி மேட்டுக்குப் போ, வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியிலேயே சொல்லக்கூடிய உறவினரே காரையும் காப்பாற்றுகிறார், காரில் இருப்பவரையும் காப்பாற்றுகிறார்.