நிலையலகும் விரியலகும்

கனடா தேசத்திலே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் என் பழைய மாணாக்கர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என்னையும் காண வந்திருந்தார். சுகசேமம் விசாரித்துத் தேநீரும் அருந்தியபின், கைப்பையினின்றும் சிறு பெட்டியொன்றை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே உருக்கினாலாய இரண்டு அம்பு முனைகள் இருந்தன. ஒன்ராறியோ மாகாணத்தில், இலையுதிர் காலத்தில், அரசாங்க அனுமதிச் சீட்டுப் பெற்று வில்லால் மான் வேட்டையாடுபவர் அவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஐயா, இவ்விரண்டில் எது சிறந்தது என்று எங்கள் வேட்டைக்காரர் நடுவே ஓயாத வழக்கு. அவ்வழக்கைத் தீர்க்கும்படி உங்களைக் கேட்கவில்லை. இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இரண்டு வேண்டும். பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

நானோ மரக்கறி உணவினன். ஓருயிரைக் கொல்லும் கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கே மனம் கூசியது. ஆயினும், பெயர் கேட்டு வந்தவரைப் பண்டிதனொருவன் வெறுங்கையோடு அனுப்புதல் முறையன்று. எடுத்துப் பார்த்தேன்.

ஒன்றில் அகன்ற அலகுகள் முனையோடு முனையாய்ப் பொருத்தப்பட்டு அசைவின்றி நின்றன. மற்றதில், நாம் வில்லுக்கத்தி என்று வழங்கும் மடக்குக் கத்தியிற்போல, அலகுகள் தண்டோடு மடங்கிக் கிடந்தன. சிறிய றப்பர் வளையம் ஒன்று அவற்றை இறுகப் பிடித்திருந்தது. அம்பு விலங்கின் உடலிலே தைக்குங் கணத்தில் அவை தாமே விரிந்துகொள்ளும் என்று மாணாக்கர் விளக்கினார்.

கணை, பகழி, வாளி, சரம் என்று அம்பு முழுவதற்கும் பெயர் பல உண்டு. வெட்டும் பகுதிக்கு அலகு என்பதே பொருத்தமான சொல். ஆதலின் முதலாவதை நிலையலகு என்றும், இரண்டாவதை விரியலகு என்றும் பெயரிட்டேன். பழக்கதோஷத்தால் இலக்கணமுஞ் சொல்லி வைத்தேன்: "தம்பி, விரியலகு என்பது வினைத்தொகை. விரிந்த, விரிகின்ற, விரியும் என முக்காலமும் அதனுள் மறைந்து கிடக்கின்றன. நிலையலகில் முன்நிற்கும் நிலை என்பதோ பெயர்ச்சொல். அதற்குக் காலத்தைப் பற்றிய கவலையில்லை."

அவர் சிரித்துவிட்டு, "எங்கள் வழக்கு முழுவதும் அதுதான் ஐயா" என்றார்.

அச்சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவர் விட்டுச் சென்ற நூல்களைப் படித்தேன். மறுமுறை வந்தபோது ஐயங்களை வினவினேன். அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அம்பு கொல்லும் முறை

துவக்குக் குண்டு வேகத்தாலும் அதிர்ச்சியாலும் உடலைச் சிதைப்பது. அம்பிற்கு அவ்வாற்றல் இல்லை. அது வெட்டுவதனால், அவ்வெட்டின் வழியே குருதி விரைந்து ஒழுகுவதனால் மாத்திரமே கொல்லும். நுரையீரல்களையும் இதயத்தையும் கூரிய அலகு ஊடறுத்துச் சென்றால் மான் சில கணங்களில் உணர்விழந்து வீழும். ஆயினும் அச்சில கணங்களுக்குள் அது நூறு யார் தூரமும் ஓடிவிடலாம். பின்னர் வேடன் புல்லிலும் சருகிலும் சிந்திய குருதித் துளிகளைப் பின்பற்றி அதனைத் தேடிக் காணல் வேண்டும்.

எனவே அலகொன்று மூன்று கடமைகளைச் செய்தல் வேண்டும். எய்தவன் குறித்த இடத்திற்குத் தவறாது பறத்தல் ஒன்று. தோலையும் தசையையும், வேண்டுமாயின் எலும்பையும், ஊடுருவுதல் ஒன்று. குருதி தாராளமாக வெளிப்படும்படி அகல வெட்டுதல் ஒன்று. இம்மூன்றையும் ஒரே அலகு ஒருங்கே நிறைவேற்றுதல் அரிது. ஒன்றிலே கூட்டினால் மற்றொன்றிலே குறையும். வழக்கெல்லாம் இதனால் எழுந்ததே.

நிலையலகின் குலம்

நிலையலகு மிகப் பழையது. கல்லை உடைத்துக் கூராக்கிக் கோலின் நுனியிற் கட்டிய நாள்முதல் மனிதன் எய்தது அதுவே. நமது நாட்டிற் கண்டி அரசனின் சிறையாளனாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலிலே வேடரைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். வேடர் இரவிலே வந்து கொல்லனது பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பலகின் வடிவாகக் கத்தரித்த இலையொன்றையும் அதனருகே தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்விலையின்படி அலகு அடித்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து நன்றி பாராட்டுவராம். செய்யாது விட்டால் இரவில் மறைந்திருந்து அவன்மேல் எய்வராம். ஒரு சொல்லும் பேசாமல் நடந்த அவ்வாணிகத்திலே, அளவு குறிக்கும் கருவியாய் நின்றது ஓர் இலை. அலகின் வடிவிலே அவ்வேடர் எத்துணைக் கண்டிப்பாயிருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

அமெரிக்க நாட்டில் இக்கால வில்வேட்டைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் இஷி என்னும் பெயரால் அறியப்பட்ட பழங்குடியாளர். தம் யாகி இனத்தார் அனைவரையும் இழந்து, 1911 இல் கலிபோர்ணியாவிலுள்ள ஒரோவில் என்னும் ஊரிலே தனித்து வெளிப்பட்டவர் அவர். எரிமலைக் கண்ணாடிக் கல்லாலும் போத்தற் கண்ணாடியாலும் அம்பு முனை செதுக்கும் கலையை அவர் அறிந்திருந்தார். சாக்ஸ்டன் போப் என்னும் வைத்தியர் அவரோடு நட்புப் பூண்டு வில்வித்தை கற்றார். இஷி 1916 இல் காசநோயால் இறந்தார். போப் 1923 இல் எழுதிய வில்வேட்டை நூல் அந்நாட்டில் அக்கலைக்குப் புத்துயிர் அளித்தது. பின்னர், 1956 இல், பிரெட் பேயர் என்பார் சவர அலகுபோற் கூரிய நிலையலகு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். அது வேட்டைக்காரர் பலருடைய தூணியிலும் இடம்பெற்றது.

நிலையலகின் சிறப்பு, அதில் இயங்கும் உறுப்பு ஒன்றுமில்லை என்பதே. இயங்காதது பழுதுபடுதல் அரிது. குறை யாதெனின், அகன்ற அலகு காற்றிலே சிறகுபோல் ஆகிவிடும். பின்னேயுள்ள இறகு அம்பை ஒருபுறம் திருப்ப, முன்னேயுள்ள அலகு மறுபுறம் திருப்பும். வில்லும் கோலும் நன்கு இசைவுபடுத்தப்படாவிடின் அம்பு குறியை விட்டு விலகும்.

மடங்கிப் பறக்கும் அலகு

இக்குறை முன்னாளில் அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன், வில்லின் இருமுனையிலும் கப்பி பூட்டிய புதுவில்லுக்கு 1966 இல் விண்ணப்பித்து 1969 இல் காப்புரிமை பெற்றார். இக்கப்பிவில் பரவியபின் அம்பின் வேகம் மிகுந்தது. வேகம் மிக மிக அகன்ற அலகைக் காற்று அலைக்கழிப்பதும் மிகுந்தது. அலகை மடக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

விரியலகு மடங்கிய நிலையிற் பறப்பதால், பயிற்சிக்கு எய்யும் மொட்டை முனையைப் போலவே நேரே செல்லும். உடலைத் தொட்டதும் விரிந்து பெரும்புண் செய்யும். நிலையலகு பெரும்பாலும் ஓரங்குலமோ அதற்குச் சற்று மேலோ அகலமாக வெட்ட, விரியலகு ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் வெட்டும். குருதித் தடமும் அவ்வாறே பெருகும்.

ஆயின் அதற்கு விலை உண்டு. அலகை விரிப்பதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகும். அகன்ற வெட்டுக்கு மற்றொரு பங்கு செலவாகும். ஊடுருவலுக்கு எஞ்சுவது குறைவு. சாய்ந்து சென்று தோளெலும்பிற் பட்டால் மெல்லிய அலகு முறியலாம், அம்பு வழுக்கலாம். வளையம் தளர்ந்திருந்தால் பறக்கும்போதே அலகு விரிந்துவிடலாம். வினைத்தொகையிலே மறைந்து கிடக்கும் முக்காலத்துள் வேடனுக்கு உதவுவது ஒரே காலம். அது ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் அலகினாற் பயனில்லை. இது கருதியே அமெரிக்க மாநிலங்கள் சில விரியலகை நெடுங்காலம் தடைசெய்திருந்தன.

கெடுதி வினாதல்

இவ்வளவும் படித்தபின் என் உள்ளம் நிலையலகின் பக்கமே சாய்ந்தது. பழையது, எளியது, இலைபோல் அழகியது. பழமையை விரும்புதல் எம்போன்றோர்க்கு இயல்பு. அப்பொழுதுதான் மாணாக்கர் ஒரு வினாவை எழுப்பினார்.

"ஐயா, வகுப்பிலே எங்களுக்குக் கெடுதி வினாதல் என்று ஒரு துறை படிப்பித்தீர்களே. தலைவன் வந்து, என் அம்பு பட்ட யானை இவ்வழி வந்ததோ, கலைமான் வந்ததோ என்று தலைவியையும் தோழியையும் கேட்பானே. உண்மையில் அந்த விலங்கு என்னவாயிற்று?"

எனக்கு விடை தோன்றவில்லை. திருக்கோவையாரிலே வேழம் வினாதலையும் கலைமான் வினாதலையும் 30 ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். தலைவன் தேடுவது விலங்கையன்று, தோழி உள்ளத்தைத்தான் என்று நயம் பாராட்டியிருக்கின்றேன். அது பொருந்தும். ஆயினும், அந்தப் பொய்ச்சொல் நம்பத்தகுந்த பொய்யாக இருத்தல் வேண்டுமாயின், அம்பு தைத்த விலங்கு தப்பியோடுதல் அக்காலத்தார் நாளும் கண்ட செய்தியாக இருந்திருத்தல் வேண்டுமன்றோ! வல்வில் ஓரியின் ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி உடும்பிற் சென்று தங்கியது என்னும் புறநானூற்றுச் செய்தியையே நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். தைத்த அம்போடு புதருள் மறைந்த விலங்கை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

மாணாக்கர் தம் கதையைச் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன், தம்மை நோக்கிச் சாய்ந்து நின்ற கலைமான் ஒன்றின்மேல் விரியலகு அம்பை எய்தாராம். அது தோளெலும்பிற் பட்டது. இரண்டு நாள் தேடினார், கிடைக்கவில்லை. அப்பருவம் முழுவதும் அவர் வில்லை எடுக்கவில்லை. "அலகின் பிழையென்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். அது பக்கவாட்டில் திரும்பும்வரை நான் பொறுத்திருக்கவில்லை. அதுதான் பிழை" என்றார்.

இந்த வழக்கை அளக்கும் கோல் எது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. எந்த அலகு அழகியது, எது புதியது என்பதன்று வினா. எதனால் கெடுதி குறையும் என்பதே வினா.

எண்கள் கூறுவது

அவ்வாறு அளந்து பார்த்தாரும் உளர். மேரிலாந்து மாநிலத்து இந்தியன் ஹெட் என்னும் கடற்படைத் தளத்திலே, 1989 முதல் 2006 வரை வில்லால் அடிபட்ட வெண்வால் மான்களின் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தனர். கப்பிவில்லும் குறுக்குவில்லும் கொண்டு நிலையலகால் எய்தவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 82 மான்கள் கைக்கு வந்தன. விரியலகால் எய்தவற்றுள் ஏறத்தாழ 91 வந்தன. என் பழமைப் பற்றுக்கு இது நல்லதோர் அடி. நான் விரும்பிய அலகாலே நூற்றுக்குப் பதினெட்டு மான்கள் புண்ணோடு மறைந்தன; நான் ஐயுற்ற அலகால் மறைந்தவை அதிற் பாதியே.

ஆனால் இக்கணக்கு மானுக்கு உரியது. பெரிய விலங்குகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியிலும், பின்னர் அவுஸ்திரேலியாவிலே எருமைகளின் மேலும் அம்பின் ஊடுருவலைச் சோதித்தவர் அவர். கனத்த எலும்பைக் கடக்க வேண்டுமாயின் குறுகி நீண்ட, உறுதியான நிலையலகும், 650 கிறெயினுக்குக் குறையாத, ஏறத்தாழ 42 கிராம் நிறையுள்ள அம்பும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு.

இரண்டு முடிபுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மென்தோல் மான், வலிய வில், அண்மைத் தூரம், பக்கவாட்டு நிலை என்பன அமையுமிடத்து விரியலகு கெடுதியைக் குறைக்கும். வில்லின் இழுவலி 40 றாத்தல் அளவிலே நிற்கும் இளையோர்க்கும், பேருடல் விலங்கை நாடுவோர்க்கும், நிலையலகே தகும். எதுவாயினும் அலகு சவரம் செய்யத்தக்க கூர்மையோடிருத்தல் வேண்டும். வேட்டைக்குக் கொண்டு செல்லும் அதே அலகை முன்கூட்டி எய்து பழகுதலும் வேண்டும். சாய்ந்து நிற்கும் மானுக்கு இரண்டும் தகா. அங்கே வேண்டுவது நாணைத் தளர்த்தும் கை.

கொலையை நான் ஏற்கவில்லை. இதனை எழுதியபின்னும் ஏற்கவில்லை. ஆயினும், தான் இழந்த விலங்கை மறவாது, அதன்பொருட்டுத் தன் கருவியையும் கையையும் ஆராய்பவனிடத்தே ஓர் அறம் உண்டு என்பதை மறுக்க எனக்கு மனமில்லை.

மாணாக்கர் விடைபெறும்போது அவ்விரு முனைகளையும் என்னிடம் தர விரும்பினார். வேண்டாமென்று கூறி, பெயர்களை மாத்திரம் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் அவற்றை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள் என்று பின்னர் கடிதம் எழுதியிருந்தார்.

சென்ற கிழமை வகுப்பிலே மீண்டும் கலைமான் வினாதல் வந்தது. துறை விளக்கம் சொன்னேன், நயமும் சொன்னேன். பின்பு சிறிது நிறுத்தி, அம்பு பட்ட அந்த மான் எங்கே போயிருக்கும் என்று மாணவரைக் கேட்டேன். முன்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "தண்ணீர் தேடிப் போயிருக்கும் ஐயா" என்றான். அவனை அமரச் சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குச் சென்றேன்.