சாலுக்கு ஏற்ற சக்கரம்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்களில் காலையில் வரும் தள்ளுவண்டியில் சின்ன வெங்காயமும் தக்காளியும் வெண்டையும் ஒட்டி உரசிக் கிடக்கும். வயலில் அவற்றின் கணக்கே வேறு. சின்ன வெங்காயத்துக்கு 45 செ.மீ. இடைவெளியில் மண்ணை அணைத்துப் பார் பிடித்து, இருபுறமும் 10 செ.மீ.க்கு ஒன்றாக ஊன்றுவார்கள். தக்காளிக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ. வேண்டும்.

இந்த அளவுகள்தான் கருவி செய்பவரைத் திணறடிப்பவை. பெரிய டிராக்டரின் இரு சக்கரங்களுக்கு நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். வளர்ந்த செடிகளுக்குள் அதை விட்டால் களையோடு பயிரும் போய்விடும். நிலமும் பெரிதல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலப் பரப்பு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை.

எனவே, கடையில் கிடைக்காததை உழவர்கள் பட்டறையில் செய்துகொள்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் ஜள்காவ் மாவட்ட விவசாயி கோபால் மல்ஹாரி பிசேக்கு மாடு வைத்துக் கட்டுப்படியாகவில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் ஹேண்டில்பாரையும் எடுத்து, அதில் களைக்கத்தியைப் பொருத்தினார். ‘கிருஷிராஜா’ பிறந்தது. பாரத்தைச் சக்கரம் தாங்கிக்கொள்ள, கத்தி மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே களையின் வேரை அறுத்துக்கொண்டு போகும். தள்ளுகிறவர் குனிய வேண்டியதில்லை.

குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி இன்னும் ஒரு படி மேலே போனார். புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சிறு சக்கரங்களையும் கலப்பை மாட்டும் சட்டத்தையும் பூட்டினார். இப்படிப்பட்ட உழவர் கண்டுபிடிப்புகளைத் தமிழில் எழுதிவருகிறது, மதுரையின் ‘சேவா’ அமைப்பு நடத்தும் ‘நம்வழி வேளாண்மை’ இதழ்.

நாற்று நடவுக்கும் வழி உண்டு. பெங்களூருவில் தேவி மூர்த்தி தொடங்கிய ‘கமல் கிசான்’ செய்யும் கருவிகளில் ஒன்று காய்கறி நாற்று நடும் கைக்கருவி. இந்த வகைக் கருவி இடுப்பு உயரக் குழாய்தான். அடியில் கொக்கின் அலகுபோல இரண்டு தகடுகள். அலகை மண்ணில் குத்தி, மேலிருந்து நாற்றைப் போட்டு, பிடியை அழுத்தினால் அலகு விரியும், நாற்று குழிக்குள் நிற்கும்.

பிரான்சில் ‘லாத்தெலியே பெய்சான்’ என்ற கூட்டுறவு அமைப்பு கருவிகளின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கொடுக்கிறது. உழவர்களுக்கு வெல்டிங்கும் கற்றுத்தருகிறது.

இங்கே, ராஜா அண்ணாமலைபுரத்துக்கு அருகில் நந்தனத்தில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் இருக்கிறது. பவர் டில்லர், பவர் வீடர் வாங்க மானியம், ‘உழவன்’ செயலி வழியே வாடகை இயந்திரம் ஆகியவை அத்துறையின் பொறுப்பு. ஆனால், வாங்கிய கருவியைத் தன் பாருக்குப் பொருத்திக்கொள்ள உழவர் போவது பக்கத்து ஊர் லேத் பட்டறைக்குத்தான்.

அங்கே கத்தியைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து ஒட்டிவிடாமல், வரிசையாகத் துளைகள் போட்டு போல்ட்டில் மாட்டித் தரச் சொல்வது நல்லது. வெங்காயம் முடிந்து தக்காளி வரும்போது இரண்டு நட்டைக் கழற்றி, கத்தியை அடுத்த துளைக்கு மாற்றினால் வேலை முடிந்தது.