பருத்திக் காயும் ஆளிக் காயும்

மாசி, பங்குனியில் கரிசல் காட்டு மானாவாரிப் பருத்தி வெடித்து நிற்கும்போது, அந்த வெண்மையைப் பூவென்று எண்ணி வியக்கும் பட்டணவாசிகள் இன்றும் உண்டு. பூவோ மலர்ந்து வாடி ஏறத்தாழ 50 நாள் ஆகியிருக்கும். அவர்கள் காண்பது முற்றி உலர்ந்த காய் தன் வயிற்றைத் திறந்து காட்டும் பஞ்சையே.

பச்சைக் காயைக் கத்தியால் அறுத்தால் மூன்று முதல் ஐந்து வரை அறைகளும், அறைக்கு ஒன்றாக ஈரம் கோத்த சுளையும், சுளைக்குள் இளங்கொட்டைகளும் தென்படும். ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் மேற்புறத்தில் உள்ள ஒரே உயிரணுவின் நீட்சி என்பதுதான் இதில் ஆச்சரியம். கண்ணுக்குப் புலனாகாத அந்த அணு, பூ மலர்ந்த தினத்தையொட்டி வளரத் தொடங்கி, சுமார் மூன்று வாரத்தில் ஓர் அங்குலம் வரை நீண்டு, பின்பு தன் உட்சுவரில் செல்லுலோஸைப் படலம் படலமாகப் பூசிக் கெட்டிப்படுகிறது. காய் உலர்ந்து வெடிக்கையில், குழாயாக இருந்த இழை நீர் வற்றித் தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். இம்முறுக்கு இல்லையேல் இழையோடு இழை பற்றாது, நூற்பவர் பாடு திண்டாட்டந்தான்.

ஆளியின் சமாசாரம் வேறு. நீலப் பூ உதிர்ந்தபின் நிற்கும் அதன் காய் பட்டாணி அளவே இருக்கும். ஐந்து அறைகளும் இடைத்தடுப்பால் இவ்விரண்டாகப் பிரிந்து, அதிகபட்சம் 10 விதைகளைக் கொள்ளும். உடைத்துப் பார்த்தால் வழவழப்பான தட்டை விதைகளேயன்றி மருந்துக்குக்கூட ஓர் இழை இராது. லினன் துணிக்கு வேண்டிய நார் முழுதும் தண்டின் பட்டையில் உள்ளது. ஆதலால் ஐரோப்பிய உழவர் செடியை வேரோடு பிடுங்கி, இரும்புச் சீப்பில் இழுத்து முதலில் காய்களைக் களைந்துவிட்டு, அதன்பின் தண்டை நீரில் அழுகப் போட்டே நார் உரித்தனர். அந்த நீரின் துர்நாற்றம் பிரசித்தமானது.

களைந்த காய் வீணாவதில்லை. விதையில் சுமார் 40 சதவீதம் எண்ணெய். காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று அது கெட்டியான படலமாக இறுகுவதால், ஐரோப்பியச் சித்திரக்காரர் வர்ணங்களை அதில் குழைத்தனர். இந்தியாவில் ஆளியைப் பெரும்பாலும் விதைக்காகவே பயிரிடுகிறார்கள்.

காட்டு ஆளியின் காய் முற்றியதும் தானே வெடித்து விதைகளைச் சிதறிவிடும். பயிர் ஆளியின் காயோ பெரும்பாலும் வாய் மூடியே நிற்கும். சிதறாத காயின் விதையே அறுவடையோடு வீடு வந்து, மறு ஆண்டும் விதைப்புக்குக் கிடைத்ததால், எவரும் திட்டமிடாமலே அக்குணம் நிலைபெற்றிருக்க வேண்டும். பருத்தியில் வெடிப்பதையே விரும்பும் நாம், வெடித்தபின் சுளை தரையில் விழாமல் தோட்டிலேயே தங்கவேண்டுமென்றும் எதிர்பார்க்கிறோம். ஆனால் காய்கள் ஒருசேர வெடிப்பதில்லையாதலால், பருத்தி எடுப்பவர் அதே செடியிடம் பலமுறை போகவேண்டியிருக்கிறது.