குத்துவாளில் யார் பெயர்?

பாரசீகக் குத்துவாள்களைப் பற்றிய பேச்சு 'கலைநுட்பம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகிறது. அந்தச் சொல் யாருடைய உழைப்பை முன்னிறுத்துகிறது, யாருடையதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

'கார்த்' என்னும் கத்தியை எடுத்துக்கொள்வோம். நேரான அலகு, ஒருபுறம் மட்டும் கூர். பிடியில் பெரும்பாலும் வால்ரஸ் தந்தம். சில அலகுகளில் பொன்னெழுத்தில் 'அசதுல்லாவின் வேலை' என்றிருக்கும். ஷா அப்பாஸ் (ஆட்சி 1588–1629) காலத்து இஸ்ஃபஹான் கொல்லர் இவர் என்பது மரபு. ஆனால் ஓர் ஆயுளுக்குள் அடங்காத காலம் நெடுக இந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. பலருடைய வேலைக்கு ஒருவர் பெயர் முத்திரையாகிவிட்டது. 'ஆசிரியன் என்பவன் யார்' என்று ஃபூக்கோ 1969இல் கேட்டார். ஆயுதச் சந்தைக்கு அது பழைய சங்கதி.

பொன்னை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள். நீரலை மாதிரி வரிகள் ஓடும். 'ஜௌஹர்' என்பார்கள். இதை யாரும் மேலே வரையவில்லை. மூடிய மூசைக்குள் இரும்பு கரியை ஏற்று உருகி, மெல்ல ஆறுகிறது. கரி சுமார் ஒன்றரை சதவீதம். அந்தக் கட்டியைக் கொல்லர் மங்கிய சிவப்புச் சூட்டிலேயே திரும்பத் திரும்ப அடிக்க, இரும்புக் கார்பைடு வரிசை கட்டுகிறது. சூடு மிஞ்சினால் வரியெல்லாம் கரைஞ்சு போயிடும். கடைசியில் இரும்பு சல்பேட் கலந்த கனிமக் கரைசலைப் பூசினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஆக, வரியின் பாதி உருக்கியவருடையது. அவர் பெயர் எந்த அலகிலும் இல்லை.

அவர் எந்த ஊர்க்காரர்? தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இஸ்ஃபஹான் வணிகர் நேரில் வந்து உருக்கு வாங்கினர். தமிழகத்தின் மேல்சிறுவளூரிலும் மூசை உருக்கின் தடயங்கள் உண்டு. 'அப்ப அது நம்ம உருக்குதான்'னு மார்தட்டத் தோன்றும். ஆனால் ஈரானின் சாஹக்கில் 11–12ஆம் நூற்றாண்டுகளிலேயே மூசை உருக்கு செய்திருக்கிறார்கள். அங்கே உலை ஊதியவரும் பெயரற்றவரே. இனப் பெருமை என்பது அலகின் மீது நாம் பதிக்கும் இன்னொரு பொன்னெழுத்து. அதற்கடியிலும் அவர் மறைந்துதான் போவார்.

அருங்காட்சியகச் சீட்டு உருக்கு, தந்தம், பொன் என்று பொருள்களைச் சொல்லும், மன்னனைச் சொல்லும், நூற்றாண்டைச் சொல்லும். ஜௌஹரை அலங்காரம் என்று கடந்துபோகாமல், உருக்கியவர் விட்டுச்சென்ற ஒரே பிரதியாக வாசிக்கலாம் என்கிறேன். பெயர் கிடைக்காத இடத்தில் உழைப்பை வாசிக்க வேறு என்ன வழி வைத்திருக்கிறோம்?