மேகமூட்டத்தில் குட்டை மீன்கள் சாவதேன்?

மாலையில் துள்ளித் திரிந்த மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதுண்டு. யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரரைச் சந்தேகிப்பதும் உண்டு. வானம் சில நாட்கள் மூடியிருந்து, குட்டைத் தண்ணீரும் கரும்பச்சையாக இருந்தால், முதலில் கவனிக்க வேண்டியது பிராணவாயுப் பற்றாக்குறையே. பெரிய மீன்கள் முதலில் சாவது இதன் அடையாளம்.

நீரிலுள்ள பாசியும் செடிகளும் வெயிலின் துணையோடு உணவு தயாரிக்கும்போது பிராணவாயுவை வெளிவிடுகின்றன. வெயிலில் நீர்ச்செடிகள் குமிழி விடுவதையும், இருட்டில் அது நின்றுவிடுவதையும் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் 1779-ல் எடுத்துக்காட்டினார்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் குட்டைத் தண்ணீரை நிரப்பி, புதிதாக வெட்டிய வேலம்பாசித் துண்டை வெட்டுவாய் மேலே இருக்கும்படி மூழ்க வைக்கவும். வெயிலில் சிறிது நேரம் வைத்து, ஒரு நிமிடத்தில் எழும் குமிழிகளை எண்ணவும். பிறகு நிழலிலும், இருட்டறையிலும் வைத்து எண்ணவும். ஒளி குறையக் குறையக் குமிழியும் குறையும்.

குட்டையிலும் இதுவே நடக்கிறது. இரவில் பாசி பிராணவாயுவைத் தருவதில்லை. மீன்களைப்போல அதுவும் சுவாசித்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே சூரிய உதயத்துக்குச் சற்று முன்பு பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது நல்லது. மேகமூட்டமான நாளில் பகல் வரவு குறைகிறது; இரவுச் செலவு குறைவதில்லை.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கோழி எரு எளிதில் கிடைக்கிறது. அளவுக்கு மீறி இட்டால் பாசி பெருகி, மேல்மட்டத்திலேயே ஒளியைத் தடுத்துவிடும். எரு மட்கவும் பிராணவாயு செலவாகும். எரு இடுமுன் கையை நேராக நீருக்குள் விடவும். முழங்கை நனையுமுன்பே உள்ளங்கை பச்சை நீரில் மறைந்தால் எரு இடக்கூடாது. முழங்கை மூழ்கியும் தெளிவாகத் தெரிந்தால் சிறிதளவு இடலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் எருவை நிறுத்தித் தீவனத்தையும் குறைக்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், உடனே மோட்டார் மூலம் கிணற்று நீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்சவும். கிணற்றில் நீர் இல்லையெனில் குட்டை நீரையே இறைத்துத் திரும்ப அதிலேயே சிதற விடலாம். வெயில் ஏறும்வரை இதை நிறுத்தலாகாது.